இடது கைக்கு ஒரு மூட்டை வெங்காயம்

அன்புசெல்விக்குப் பக்கவாதம் வந்த அந்தக் காலையில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த பனியன் கம்பெனியின் இரண்டாவது லைன் அதுவரை காணாத வேகத்தில் தைத்தது. காரணம் எளிது. லைன் சூப்பர்வைசரான அவள் கையிலிருந்த பண்டல் தொப்பென்று கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல், நின்ற இடத்திலேயே நின்று லைனைப் பார்த்தாள். அன்புசெல்வி பேசினால் என்ன ஆகும் என்று டைலர்களுக்குத் தெரியும். "ரொம்ப நல்லாத் தைக்கறீங்க கண்ணு, இதைப் போட்டுக்கறவனுக்கு மூணு கை இருந்தாப் போதும்" என்கிற மாதிரி ஏதாவது, மரியாதை குறையாமல், சொல்லிவிட்டுப் போவாள். பேசாமல் நின்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஷிப்மென்ட் நாள் வேறு. கோபத்தில் பண்டலை வீசிவிட்டாள் என்று முடிவுகட்டி, ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதித்தார்கள்.

சீனியம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பீஸ்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். அவளுடைய சித்தப்பாவுக்கு ஒருநாள் இப்படித்தான் வாய் கோணிப்போனதாம்.

"யக்கா, வாய் ஒரு பக்கமா இழுக்குதுக்கா. ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்."

வலது கை மேலே எழுந்தது. இடது கை தொங்கிக்கொண்டே இருந்தது. சீனியம்மாள் போட்ட சத்தத்தில் கம்பெனி வேன் வந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் அர்த்தநாரி பதறிப்போய் ஓடி வந்தார். பாவம், அவர் பதறாமல் என்ன செய்வார், சரக்கு அன்றைக்கே கிளம்பியாக வேண்டும்.

மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கால் சீக்கிரம் தேறிவிடும், இடது கைதான் நாளாகும் என்றார். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். இந்தச் செய்தி லைனுக்குப் போனபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. வெறும் பெருமூச்சு விட்டவர்களும் உண்டு.

பெருமாநல்லூருக்குப் பக்கத்திலிருந்த வீட்டுக்கு அவள் திரும்பி வந்ததும், சொந்தபந்தம் பார்க்க வருகிற ஒறம்பரை ஆரம்பித்தது. வந்தவர்களுக்கெல்லாம் பக்கவாதத்தைப் பற்றி டாக்டரைவிட அதிகம் தெரிந்திருந்தது. ஒருவர் எண்ணெய் சொன்னார். ஒருவர் கேரளாவில் ஒரு வைத்தியர் என்றார், ஊர் பெயர் மட்டும் மறந்துவிட்டதாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் பிரியங்கா, அமெரிக்காவில் யாரோ கையை ஆட்டும் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் தவறாமல் கொண்டுவந்தது சிரிக்கிற முகம் போட்ட மஞ்சள் ரப்பர் பந்து. கையில் வைத்து அமுக்கவேண்டுமாம். அலமாரியில் அந்தப் பந்துகள் வரிசையாக உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தன. வீட்டில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கணவன் மோகன்ராஜின் அக்கா பழனாத்தாள் பந்தெல்லாம் கொண்டுவரவில்லை. ஒரு கூடையில் உயிருள்ள புறாவைக் கொண்டுவந்தாள்.

"இதோட ரத்தத்தைச் சூடா கையில தேச்சா, விழுந்த கை எந்திரிச்சு நிக்கும். என்ற கொழுந்தனுக்கு நின்னுச்சு."

"உங்க கொழுந்தனார் போன ஆடியில போயிட்டாருங்களே, நங்கையா."

"அது மாரடைப்பு. கை நல்லாத்தான் இருந்துச்சு."

புறாவை அறுக்க மோகன்ராஜுக்குத் தைரியம் வரவில்லை. திறந்துவிட்டால் போகவும் அதற்கு மனம் வரவில்லை. மொட்டை மாடியில் குடியேறி, காயப்போட்ட துணிகளின் மேல் தன்னாலான வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தது.

மோகன்ராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் கட்டிங் வேஸ்ட் வியாபாரம் செய்தான். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகளை வாங்கி வேறு ஊருக்கு அனுப்புவது. தொழில் முழுவதும் போனில் நடந்தது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தால் காபி, டிபன், சோறு எல்லாம் அவன் இருக்கும் இடத்துக்கே வரும். இத்தனை வருடமாக அவை எங்கிருந்து வருகின்றன என்று அவன் விசாரித்ததில்லை. அன்புசெல்வி கம்பெனிக்குப் போகுமுன் செய்ததையும் வந்தபின் செய்ததையும் கூட்டினால் அது இன்னொரு ஷிப்ட். அதற்கு ஓவர்டைம் கிடையாது. அவள் படுத்த பிறகு ஹோட்டலிலிருந்து வாங்கி வந்தான். இரண்டு வாரத்தில் அவன் வயிறு கெட்டுப்போனது. "நம்ம ரெண்டு பேருக்குமே நேரஞ் சரியில்ல" என்றான், தன் வயிற்றையும் அவள் மூளையையும் ஒரே தட்டில் வைத்து.

இந்த நிலைமையில்தான் பிசியோதெரபிஸ்ட் அந்தோணிராஜ் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். நாற்பதை நெருங்குகிறவன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். வந்த முதல் நாளே அலமாரியைப் பார்த்துவிட்டு, பந்துகளை எல்லாம் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னான்.

"விரலை மூடுதது தானா வந்துரும்க்கா. மூடுன விரலைத் திறக்குததுதான் பாடு. நீங்க இதை அமுக்கிக்கிட்டே இருந்தீங்கன்னா கை இன்னும் இறுகிப்போகும்."

"எங்க ஊட்டுக்காரருக்கும் பையில விட்ட கையைத் திறக்கறதுதானுங்க பாடு. அவருக்கு வாதமே வரலீங்க."

மோகன்ராஜ் அப்போது போனில் இருந்தான்.

தோளை மெல்லச் சுற்றிவிட்டான் அந்தோணிராஜ். முழங்கையை நீட்டி மடக்கினான். இறுகிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிவிட்டான். இதை வீட்டில் யாராவது தினம் இரண்டு வேளை செய்துவிட வேண்டும் என்றான். மேஜை மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் இடது கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளச் சொன்னான். அவனும் எதிரே உட்கார்ந்து தன் கையால் தள்ளிக் காட்டினான். "என் கையையே பாருங்க. செய்யுததைப் பாக்கும்போதும் மூளை வேலை செய்யும்." அவள் பார்த்தாள், தள்ளினாள். துண்டு கடுகளவு நகர்ந்தது. கம்பெனியில் லைனுக்கே டார்கெட் போட்டவளுக்கு, ஒரு காலைப்பொழுதின் டார்கெட் ஒரு துண்டை ஒரு சாண் தள்ளுவது. அதுவும் முடியவில்லை. வேர்வை மட்டும் ஷிப்மென்ட் நாளைப்போல வந்தது.

நீவிவிடுகிற வேளை வந்தால் மோகன்ராஜுக்கு ஈரோட்டிலிருந்து அவசரமாக ஒரு போன் வந்துவிடும். முதலில் பக்கத்து வீட்டு மயிலாள் வந்து செய்துவிட்டாள். பிறகு அன்புசெல்வி தன் வலது கையாலேயே இடது கையைப் பிரித்துக்கொண்டாள். ஈரோட்டில் வேஸ்ட் துணிக்கு அப்படி என்ன தட்டுப்பாடு என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் போல ஆனது. மணிக்கட்டு சற்றே மேலே எழும்பியது. விரல்கள் அரைகுறையாகத் திறந்தன. அந்தோணிராஜ் அடுத்த கட்டத்துக்குப் போனான்.

"உங்க வலது கை ரொம்ப நல்ல கைக்கா. அதான் சிக்கல். இது என்ன செய்ய நினைச்சாலும் அது முந்திக்கிட்டுச் செஞ்சிருது. தினமும் கொஞ்ச நேரம் அதுக்கு ஒரு உறை மாட்டிருவோம். அப்பத்தான் இது வேலைக்கு வரும்."

"லைன்லயும் அப்படித்தானுங்க. நல்லா வேலை செய்யறவளை ஒருநாள் லீவுல அனுப்பினாத்தான் மத்தவளுகளுக்குக் கை இருக்கறதே தெரியும்."

"அதேதான். சும்மா பயிற்சின்னு செய்யாம, அன்னாடம் பழகுன வேலையவே செய்யுங்க. மூளை சீக்கிரம் பிடிச்சுக்கிடும். துண்டு மடிக்கலாம். டம்ளரை எடுத்து வைக்கலாம். ரெண்டு பூண்டு உரிக்கலாம்."

அன்றைக்குப் பார்த்து மோகன்ராஜ் போனைக் கீழே வைத்திருந்தான். 'பழகுன வேலை' என்ற சொல்லும் 'பூண்டு' என்ற சொல்லும் அவன் காதில் தெளிவாக விழுந்தன. மற்றது விழவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அன்புசெல்வி கல்யாணத்தன்று பார்த்ததுதான்.

சிகிச்சையில் அவன் திடீரென்று காட்டிய அக்கறையைப் பார்த்தவர்கள் மெச்சிப்போனார்கள். தடித்த பனியன் துணியைத் தானே தேடி எடுத்து, தெரிந்த டைலரிடம் கொடுத்து, வலது கைக்கு உறை தைத்துக் கொண்டுவந்தான். காலையில் அதை அவள் கையில் மாட்டிவிட்டு, ஒரு தட்டில் பூண்டை வைத்தான். "தெரபி" என்றான். மத்தியானம் கீரைக்கட்டு வந்தது. "தெரபி." சப்பாத்தி மாவு வந்தது, விளக்குமாறு வந்தது, அவனுடைய பனியன்களும் வேட்டிகளும் மடிக்க வந்தன. எல்லாம் தெரபி. சட்டைக்குப் பொத்தான் அறுந்திருந்ததைக்கூட ஒருநாள் கொண்டுவந்து, "இது நுணுக்கமான தெரபி" என்றான். நல்ல கையைக் கட்டிப்போட்டுவிட்டு, வராத கையிடம் வீட்டைக் கொடுத்திருந்தான். ஒரு சப்பாத்தி உருட்ட அரை மணி ஆயிற்று. அது பல கோணங்கள் கொண்டதாக இருந்தது. அவன் குறை சொல்லாமல் சாப்பிட்டான். அவன் தாராள மனசை அவள் வாய்விட்டே பாராட்டினாள்.

"உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க. நான் நல்லா இருந்தப்ப உப்புக் குறைஞ்சா தட்டைத் தள்ளுவீங்க. இப்ப மாவே வேகலை, தின்னுபோட்டீங்க."

"உன்ற கை வரோணுமில்ல அன்பு. அதுக்காக எதை வேணாலும் திம்பேன்."

தம்பி வீட்டில் நடக்கும் வைத்தியம் பழனாத்தாள் காதுக்குப் போயிற்று. அவர்களுக்குத் தோட்டம் உண்டு. அந்த வருடம் சின்ன வெங்காயம் நன்றாக வந்திருந்தது. வருடத்துக்கான வெங்காய வடகம் போட்டாக வேண்டும், உரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பின்னாலேயே பழனாத்தாள் இறங்கினாள்.

"உனக்குன்னுதான் கொண்டாந்தேன் அன்பு. பூண்டு சின்னது, வெரலுக்கு நிக்காது. வெங்காயம்னா புடிக்க வாட்டமா இருக்கும். அவசரமில்ல, பொழுது சாயறதுக்குள்ள ஆகற வரைக்கும் உரி."

மூட்டை வாசலில் நின்றது. மோகன்ராஜ் அதைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் வாயிலிருந்து தெரபி என்ற சொல் வரவில்லை. கொஞ்சம் அதிகமோ என்று அவனுக்கே பட்டிருக்கவேண்டும். ஆனால் அக்காவிடம் அதைச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அன்புசெல்வி மூட்டையைச் சுற்றி மெல்ல நடந்து பார்த்தாள், சரக்கு வந்திறங்கியதைப் பார்க்கிறவளைப்போல. பிறகு சிரித்த முகத்தோடு, "நெலத்துல துணி விரிங்க. நங்கையாளுக்கு மணை போடுங்க" என்றாள் கணவனிடம்.

"எனக்கெதுக்கு மணை? நான் சித்த நேரத்துல கெளம்பிருவேன்."

"எப்படிங்க கெளம்பறது? வைத்தியம்னா முறையாப் பண்ணோணுமில்லீங்க. அந்தோணி சார் சொல்லியிருக்காருங்க. வாதம் வந்த மூளைக்கு எதிர்த்தாப்ல ஒருத்தர் உக்காந்து செஞ்சு காட்டோணுமாம். நிதானமா, நல்லா, மறுக்கா மறுக்கா. மூளை அதைப் பாத்துப் பாத்துத்தான் படிச்சுக்குமாம். ஆருமில்லாம நான் பாட்டுக்கு உரிச்சா கை தப்பாப் படிச்சுப்போட்டு, அப்பறம் நேராகவே ஆகாதாம்."

"அப்படியா சொன்னாரு?" என்றான் மோகன்ராஜ்.

"நீங்க போன்ல இருந்தீங்க. அதுவும் சொந்தபந்தமா இருந்தா இன்னும் விசேசம்னு சொன்னாருங்க."

அந்தோணிராஜ் செய்து காட்டியது நிஜம். சொந்தபந்தம் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பான் என்று அன்புசெல்வி எடுத்துக்கொண்டாள்.

பழனாத்தாளால் மறுக்க முடியவில்லை. புறா கொண்டுவந்த ஆளாயிற்றே, தம்பி பெண்டாட்டி கை வரவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளாயிற்றே. உட்கார்ந்தாள். எதிரே மோகன்ராஜும் உட்கார்ந்தான். அன்புசெல்வி வலது கையில் உறையோடு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பழனாத்தாள் ஒரு வெங்காயத்தை எடுத்துச் சரக்கென்று உரித்துப் போட்டாள்.

"வெசையாப் பண்றீங்க நங்கையா. மூளை பின்தங்கிப்போகுது. சித்த நிதானமா."

நிதானமாக உரித்தாள்.

"இப்ப நல்லாருக்குதுங்க. வேர்ப்பக்கம் கொஞ்சம் நின்னுபோச்சு, பாருங்க. தப்பாக் காட்டினாத் தப்பாத்தானே படியும். ஏனுங்க, நீங்க என்ன ரெண்டு தொலி சேத்து எடுக்கறீங்க? அது வேஸ்ட்டுங்க. உங்களுக்குத் தெரியாததா."

பல வருடம் லைனைக் கட்டி மேய்த்த நாக்கு. கை விழுந்த பிறகு அன்றைக்குத்தான் அதற்கு முழு வேலை கிடைத்தது. மத்தியானத்துக்குள் இருவர் கண்களும் சிவந்து கொட்டின. அந்தச் சமயம் பார்த்து, வேஸ்ட் துணி லோடு விஷயமாக மோகன்ராஜைத் தேடி வியாபாரி கன்னையன் வந்தார். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தம்பி பெண்டாட்டி எதிரே அக்காவும் தம்பியும் உட்கார்ந்து தாரைதாரையாகக் கண்ணீர் விடுகிறார்கள். வெங்காயம் அவர் கண்ணில் படவில்லை. பாசம் மட்டும்தான் பட்டது.

"அழுவாதீங்க ஆத்தா. எல்லாம் சரியாப் போயிரும். இந்தக் காலத்துல தம்பி பொண்டாட்டிக்காக இப்படி ஒருத்தர் கண்ணீர் உடறதை நான் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்லீங்க" என்றாள் அன்புசெல்வி.

மூட்டையில் பாதி ஆவதற்குள் பழனாத்தாளுக்கு நகக்கண் எரிந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, வீட்டில் மாடு கத்துகிற ஞாபகமும் வந்தது. மீதியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அடுத்த ஞாயிறும் வரச்சொல்லி அன்புசெல்வி அத்தனை வற்புறுத்தியும் அவளால் வரமுடியவில்லை. அன்றைய நாளில் அன்புசெல்வியின் இடது கை உரித்தது ஒரே ஒரு வெங்காயம். அதிலும் பாதியை நகத்தால் கிழித்துவிட்டது. ஆனால் அதை அவளேதான் உரித்தாள்.

அந்தோணிராஜிடம் மறுநாள் விஷயத்தைச் சொன்னபோது அவன் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. "பாத்துப் படிக்குத வைத்தியம் நெசமாவே இருக்குக்கா. தைரியமாத் தொடருங்க" என்றான். அனுமதி கிடைத்தபின் அவள் விடுவாளா? பூண்டு வந்தால், "நீங்க முதல்ல செஞ்சு காட்டுங்க." மாவு வந்தால், "நீங்க உருட்டுங்க, நான் பாத்துக்கறேன்." அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பங்குக்கு ஒன்று செய்வதற்குள் அவன் மிச்சத்தைச் செய்து முடித்திருப்பான். இப்படியே மோகன்ராஜுக்குச் சப்பாத்தி வட்டமாக வர ஆரம்பித்தது. குழம்பு குழம்பு மாதிரி வந்தது. வேறு ஆண்களுக்கு நடக்காத ஒன்று தனக்கு நடந்துவிட்டதாக அவன் நம்பினான். தான் சுட்ட தோசையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். அவளைப் பார்க்க வந்தவர்கள், மோகன்ராஜைப்போல ஒரு புருஷன் கிடைக்குமா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பல வருடம் அவள் சுட்ட தோசைகளைப் பற்றி யாரும் விசாரிக்கக்கூட வந்ததில்லை. வாதம் அவளுக்கு, பேர் அவனுக்கு.

அதற்குப் பிறகுதான் கை நின்றுபோனது. முன்னேற்றம் நின்றுபோனது என்று சொல்லவேண்டும். துணிக்கு மாட்டுகிற கிளிப்புகளை எடுத்து ஒரு டப்பாவின் விளிம்பில் வரிசையாக மாட்டவேண்டும், இதுதான் அப்போதைய பயிற்சி. கிளிப்பை அழுத்திப் பிடிக்கும் வரை வந்துவிட்டது. விடத்தான் வரவில்லை. டப்பாவில் மாட்டிய பிறகும் விரல் பிரியாது. கையை இழுத்தால் டப்பாவும் சேர்ந்து வரும். ஒரு வாரம், இரண்டு வாரம், அப்படியே நின்றது. அந்தோணிராஜ், "இப்படித்தான்க்கா கொஞ்ச காலம் நிக்கும், விட்டுராதீங்க" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டு பைக்கில் போய்விடுவான்.

ஒருநாள் சாயங்காலம் உறையைப் பல்லால் கழற்றி எறிந்துவிட்டு, வலது கையால் டப்பாவைச் சுவரில் அடித்தாள். கிளிப்புகள் கூடம் முழுவதும் சிதறின. அலமாரிக்கு அடியில் போனது, பாய்க்கு அடியில் போனது. மோகன்ராஜ் அடுக்களையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தான். அவள் மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அங்கே புறாவைத் தவிர ஆளில்லை. அழுவதற்கு அது தோதான இடம். வாய்க்கு வந்த எந்தப் பேச்சும் அன்றைக்கு அந்தக் கையின் மேல் எடுபடவில்லை.

கீழே இறங்கி வந்தபோது கூடத்தில் கிளிப்புகள் பொறுக்கப்பட்டிருந்தன. மோகன்ராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கையில் அவளுடைய உறை. இடது கையால் ஒரு கிளிப்பை எடுத்து டப்பா விளிம்பில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"எனக்கே வரமாட்டேங்குது" என்றான், அவளைப் பார்க்காமல். "எனக்கு வாதமும் இல்ல."

"உங்களுக்கு இருக்கறது வேற நோவுங்க."

அவன் சிரிக்கவில்லை. கிளிப்பைக் கீழே வைத்தான். "ஆஸ்பத்திரில அன்னைக்கு உன்ற கையைப் புடிச்சேன் அன்பு. உன்ற கை மாதிரியே இல்ல. அத்தனை கனம். ஆரோ செத்தவீங்க கையைப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. பொறவு அதைத் தொடறதுக்கே எனக்குப் பயமாப் போச்சு."

அப்படியானால் ஈரோட்டிலிருந்து வந்த போன்கள் எதுவும் ஈரோட்டிலிருந்து வரவில்லை. பூண்டையும் கீரையையும் வேட்டியையும் கொண்டுவந்து வைத்தானே தவிர, அந்தக் கையை ஒரு தடவைகூட அவன் தொட்டதில்லை. உறையை மாட்டிவிட்டதும் வலது கைக்குத்தான். இதை அவள் சோம்பேறித்தனம் என்ற கணக்கில் வைத்திருந்தாள். அந்தக் கணக்கில் ஏற்கெனவே நிறைய இருந்ததால் தனியாகத் தெரியவில்லை.

அவள் எதிரே உட்கார்ந்து இடது கையை அவன் மடியில் தூக்கி வைத்தாள்.

"பிரிச்சு உடுங்க. ஒவ்வொரு வெரலா."

"வலிக்குமா?"

"வலிச்சாச் சொல்றேன். இல்லாட்டி சொல்லாம இருந்துபோடுவேனுங்களா?"

அவன் உறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலைப் பிடித்தான். அந்தோணிராஜ் பிடிப்பதைப்போல இல்லை. புதுத்துணியின் தரத்தைத் தொட்டுப் பார்க்கிறவனைப்போல, பட்டும் படாமலும் நீவினான். கை சூடாக இருந்தது அவனுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கவேண்டும், இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டான். அடுப்பில் இருந்த குழம்பு முழுவதும் தீய்ந்துபோயிற்று. அன்றிரவு இருவரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவள் அந்தக் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அது லேசான காரியமில்லை.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் அவன்தான் நீவிவிட்டான். அதனால்தான் கை வந்தது என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான். அந்தோணிராஜ் அது காலப்போக்கில் வருவதுதான் என்கிறான். கிளிப் எப்படியோ ஒருநாள் விரலை விட்டு டப்பாவில் நின்றது. பிறகு அடுத்தது நின்றது. ஒரு மழைக்காலமும் கடந்தது. கை தலைவரை எழும்பியது. டம்ளரைப் பிடித்தது, பாதி தண்ணீரைச் சிந்தாமல் கொடுத்தது. பொத்தான் போட வரவில்லை. வராது போலத்தான் இருந்தது. பக்கத்து ஊர்களில் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள்கூட இப்போது மோகன்ராஜிடம் யோசனை கேட்டார்கள். அவனும் தெரபி என்று தொடங்கி நெடுநேரம் பேசினான். பழனாத்தாள் மட்டும் தன் மூட்டுவலியைப் பற்றித் தம்பியிடம் வாய் திறக்கவில்லை.

அன்புசெல்வி கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். அர்த்தநாரி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பெனி ஒரு குடும்பம் என்று விளக்கினார். குடும்பம் அவளுடைய லைனை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தது. நாள் முழுக்க நிற்கிற வேலை இனி அவளுக்குச் சிரமம், அதனால் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பார்க்கலாம், அவள் உடம்பை நினைத்துத்தான் என்றார்.

"என்ற உடம்பை என்னைவிட நீங்கதானுங்க அதிகமா நினைச்சிருக்கறீங்க" என்றாள். அர்த்தநாரி அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

செக்கிங்கில் வேலை எளிது என்று அவளும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறாள், அங்கே இருப்பவர்களிடமே. பீஸை மேஜையில் விரித்து, தையலைப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். இடது கையால் துணியை விரித்துப் பிடிக்க முடிந்தது. முதல் நாள், குழந்தைகளுக்கான டீ-சர்ட் ஒன்றில் கழுத்துக்குக் கீழே தையல் கோணலாக ஓடியிருந்தது. வலது கை ஸ்டிக்கரை நோக்கிப் போனதும் அவள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தாள். இடது கையை நீட்டி, தாளிலிருந்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேல்விழி, "கொடுங்கக்கா, நான் ஒட்டுதேன்" என்றாள்.

"இருங்க கண்ணு. கப்பல் ஒண்ணும் போயிறாது."

பீஸ்கள் மேஜையில் குவிந்தன. ஸ்டிக்கர் கிளம்பி விரலில் ஒட்டிக்கொண்டது. அதைத் துணியில் வைத்து அமுக்கி, விரலை மட்டும் பிரித்தெடுத்தாள். நின்றது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டபோது அர்த்தநாரி பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் டீ-சர்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் சாஞ்சு இருக்குதுங்களே, மேடம்."

"தையலும் சாஞ்சுதானுங்க இருக்குது சார். ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா இருக்கட்டுமுன்னு ஒட்டினேன்" என்று சொல்லிவிட்டு, அன்புசெல்வி அடுத்த பீஸை இழுத்து விரித்தாள்.